சி7000 பிளேடு சேஸிஸ்: 11, 12-ஆவது ஸ்லாட் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது, மிட்பிளேன் போய்விட்டதா?

லேப்_காவலன்:

வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், கடலுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு எச்பி சி7000 சேஸிஸ் வாங்கினோம், பிளேடு என்கிற மெல்லிய சர்வர்களை வரிசையாகச் செருகுகிற பெட்டி. மொத்தம் 16 அரை உயர ஸ்லாட், அதில் எங்களிடம் ஓடுகிற நிலையில் இருப்பது ஆறு பிளேடுதான், 1 முதல் 4 வரை நான்கும், 11, 12-இல் இரண்டும். பவர் சப்ளை நான்கு, 1, 2, 4, 5-இல் இருக்கின்றன. ஃபேன் பத்தும் இருக்கிறது.

போன சனி, ஞாயிறு கல்லூரி விடுமுறை, ஏசியை நிறுத்திவிட்டுப் போய்விட்டோம், நடுவில் கரண்டும் நான்கைந்து தடவை போய் வந்திருக்கிறது. திங்கள் காலை கதவைத் திறந்தால் விசைப்படகு இன்ஜினை உள்ளே வைத்து ஓட்டுவதுபோல இரைச்சல், எல்லா ஃபேனும் முழு வேகத்தில். 7-ஆவது ஃபேனில் மஞ்சள் விளக்கு. பவர் சப்ளை 4, 5 இரண்டிலும் மஞ்சள். 1 முதல் 4 வரை பிளேடுகள் ஓடுகின்றன, 11, 12 மட்டும் பட்டனை அழுத்தினால் ஒரு விநாடி மினுக்கிவிட்டுத் திரும்ப மஞ்சளுக்கே போய்விடுகிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. 3-ஐ நிறுத்தி வெளியே எடுத்துவிட்டு 11-இல் இருந்த பிளேடை அங்கே செருகினேன், உடனே ஓடியது. சரி, பிளேடு நல்லதுதான் என்று 3-இல் இருந்ததை 11-இல் போட்டால் அது எழுந்திருக்கவில்லை. அப்படியானால் ஸ்லாட் பக்கம்தானே கோளாறு? விற்ற டீலரிடம் போனில் சொன்னேன், மிட்பிளேன், அதாவது ஸ்லாட்டுகளையெல்லாம் இணைக்கிற நடுப்பலகை, போயிருக்கும் சார், சேஸிஸையே மாற்றுங்கள், வேறு ஒன்று கைவசம் இருக்கிறது என்கிறார். எலக்ட்ரீஷியனை வைத்து சாக்கெட்டையும் பார்த்தாகிவிட்டது, இரண்டு லைனிலும் 230 வோல்ட் வருகிறது.

மேனேஜ்மென்ட் வலைப்பக்கம் இப்போதைய பிரவுசர் எதிலும் திறக்கவில்லை, அதனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் மாடல் பிராக்டிகல். சேஸிஸ் மாற்றத்தான் வேண்டுமா?

பாம்பன்_வெளிச்சம்:

காக்கா, அதாவது அண்ணே, காசு கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நான் பாம்பன்காரன், இப்போது சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறேன், இந்த மாடல் சேஸிஸ்களோடு பல வருடம் மாரடித்தவன்.

முதலில் அந்த மாற்றிப் போட்ட சோதனை. அது உங்களை ஏமாற்றிவிட்டது. சாதாரண சர்வரில் பட்டனை அழுத்தினால் ஆன் ஆகும், இதில் அப்படி இல்லை. பிளேடு முதலில் ஆன்போர்ட் அட்மினிஸ்ட்ரேட்டரிடம், அதாவது பின்பக்கம் இருக்கிற ஓஏ மாட்யூலிடம், எனக்கு இத்தனை வாட் வேண்டும் என்று கேட்கும். கையிருப்பு இருந்தால்தான் ஓஏ அனுமதி கொடுக்கும். இல்லையென்றால் பிளேடு மஞ்சள் விளக்கோடு காத்துக்கொண்டே நிற்கும். ரேஷன் கடை மாதிரிதான், மூட்டை தீர்ந்த பிறகு எந்தக் கார்டைக் கொண்டுபோனாலும் கிடைக்காது, அதற்காகக் கார்டு செல்லாது என்று ஆகிவிடுமா?

நீங்கள் 3-ஐ நிறுத்தியதும் அதன் பங்கு கையிருப்புக்குத் திரும்பியது. 11-இல் இருந்த பிளேடு 3-க்கு வந்து அதை எடுத்துக்கொண்டது. அப்புறம் பழைய 3 போய் 11-இல் கேட்டபோது கொடுக்க ஒன்றும் இல்லை. முதலில் கேட்டவனுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். இதிலிருந்து ஸ்லாட் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. மிட்பிளேனில் வேலை செய்யும் சில்லு எதுவும் கிடையாது, வெறும் தடங்களும் கனெக்டரும்தான். பின் வளைந்தால் போகும், சும்மா வார விடுமுறையில் சாகாது.

கையிருப்பு ஏன் குறைந்தது என்றால், உங்களிடம் நான்கு சப்ளை. ஏசி ரிடண்டன்ட் (இந்த ஏசி குளிர்சாதனம் இல்லை, கரண்ட் லைன்) முறையில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் வைப்பார்கள். அதில் பாதி உழைக்கும், பாதி காவலுக்கு. 2400 வாட் சப்ளை நான்கு என்றால் செலவழிக்கக் கிடைப்பது 4800. இரண்டு மஞ்சளாகிவிட்டால் மீதி இரண்டில் ஒன்று உழைக்க, ஒன்று காவலுக்கு, ஆக 2400. அதிலேயே ஃபேனுக்கும் பின்னால் இருக்கிற ஸ்விட்ச் மாட்யூல்களுக்கும் எடுத்து வைக்க வேண்டும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் அந்தப் பங்கும் கூடும். நான்கு பிளேடு ஓடுவதே பெரிய விஷயம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை ஓஏ பிடுங்காது, புதிதாகக் கேட்பவனுக்குத்தான் இல்லை என்று சொல்லும்.

இப்போது சரியான சோதனை. எதையும் கழற்ற வேண்டாம். 2-ஆவது பிளேடை ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், 11-இன் பட்டனை அழுத்துங்கள். எழுந்தால் மிட்பிளேன் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

வலைப்பக்கம் திறக்காதது பழைய பாதுகாப்பு முறையால், புது பிரவுசர்கள் அதை ஏற்பதில்லை. விடுங்கள். ஓஏவின் பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்கும், 'நல் மோடம்' என்கிற சீரியல் கேபிளும் யுஎஸ்பி மாற்றியும் போட்டு 9600 வேகத்தில் உள்ளே போங்கள். கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லையென்றால் ஓஏவில் தொங்குகிற சின்ன அட்டையில் அச்சடித்திருக்கும். உள்ளே போய் 'ஷோ என்குளோஷர் பவர்சப்ளை ஆல்', 'ஷோ பவர்', 'ஷோ என்குளோஷர் ஃபேன் ஆல்', 'ஷோ சர்வர் ஸ்டேட்டஸ் 11', கடைசியாக 'ஷோ சிஸ்லாக் ஓஏ' எல்லாவற்றையும் அடித்து வருவதைக் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனியுங்கள். 4, 5 இரண்டும் ஒரே பக்கம். இந்தச் சேஸிஸில் 1, 2, 3 ஒரு லைனிலும் 4, 5, 6 இன்னொரு லைனிலும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரே லைனில் இருக்கிற இரண்டு சப்ளை ஒரே ராத்திரியில் சேர்ந்து சாகிறது என்றால் நான் சப்ளையைச் சந்தேகப்பட மாட்டேன், லைனைத்தான் சந்தேகப்படுவேன்.

சுருக்குவழி:

இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டுரை. பவர் செட்டிங்கில் ரிடண்டன்சி வேண்டாம் என்று மாற்றிவிடுங்கள், இரண்டு சப்ளையின் 4800-ம் கணக்கில் வந்துவிடும், ஆறு பிளேடும் எழுந்துவிடும். பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாம்பன்_வெளிச்சம்:

எழுந்துவிடும், இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடம் சோதனைக்குச் செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அப்படியே விட்டுவிட்டுப் போனால், மீதி இருக்கிற ஒரே லைனில் ஒரு எம்சிபி பிரேக்கர் விழுந்தால் ஆறும் மொத்தமாக அணைந்துவிடும், அதுவும் பரீட்சை நடக்கிறபோது. கரண்ட் நான்கைந்து தடவை போய் வந்த இடம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஐஸ்கம்பெனி_அண்ணன்:

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, மருமகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். மண்டபம் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் முப்பது வருடமாக வயர்மேன் வேலை. தம்பி சொல்கிற அந்த 230 வோல்ட்டை மட்டும் நம்பாதீர்கள்.

சாக்கெட்டில் உப்புப் பிடித்து உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், லோடு இல்லாதபோது மீட்டர் 230-தான் காட்டும். மீட்டருக்கு ஓடுகிற கரண்ட் எறும்பு குடிக்கிற தண்ணீர் மாதிரி. உங்கள் மிஷினை மாட்டினால் களிம்பு வழியாகக் கரண்ட் போக முடியாமல் வோல்டேஜ் இறங்கும், மிஷின் போதாது என்று நின்றுவிடும், நின்றதும் லோடு இல்லை, வோல்டேஜ் மறுபடி ஏறிவிடும். அப்புறம்தான் எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வைப்பார், எல்லாம் சரியாக இருக்கும். எங்கள் கம்ப்ரஸர் மோட்டார் இதே வித்தையை எத்தனை தடவை காட்டியிருக்கிறது.

லோடு கொடுத்துப் பாருங்கள். மிஷின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தச் சாக்கெட்டிலேயே 2000 வாட் ஹீட்டர் ஒன்றை மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜ் பாருங்கள். அப்புறம் மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அதுதான் ஆள். கருத்திருந்தால் கேள்வியே இல்லை. இதை லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள், நீங்களாக மூடியைத் திறக்காதீர்கள். மெட்டல் கிளாட் பெட்டி என்றால் உள்ளே எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தாலும் வெளியே தெரியாது.

அப்படியே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். இரண்டு மூன்றைத் தாண்டினால் எர்த் குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நம் கடற்கரை மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த் நன்றாகப் பிடிக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள், பிடிக்கும்தான், ஆனால் அதே உப்பு ஜிஐ பைப்பைத் தின்றுவிடும். கரண்ட் பில் கட்டுகிறவனுக்கு எர்த் பைப் ஞாபகம் வரவே வராது.

லேப்_காவலன்:

அண்ணே, தம்பி, இரண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. நேற்று பூராவும் இதுதான் வேலை.

2-ஐ நிறுத்தினேன், 11 எழுந்துவிட்டது. அந்த நிமிடமே பாதி உயிர் வந்தது. சீரியல் கேபிளுக்கு ராமநாதபுரம் போய் இரண்டு கடை அலைந்தேன், மூன்றாவது கடையில் தூசியோடு ஒன்று கிடைத்தது. பதிவில் சனிக்கிழமை ராத்திரியிலிருந்து 4, 5 இரண்டும் ஒரே விநாடியில் போவதும் வருவதுமாக வரிவரியாக இருக்கிறது, பக்கம் பக்கமாக. திங்கள் காலைக்குப் பிறகு இரண்டும் போனது போனதுதான். 11, 12-க்கு மின்சாரம் போதவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது, கோளாறு என்று எங்கேயும் இல்லை.

வயர்மேன் வந்து ஹீட்டர் மாட்டினார். 4, 5-க்குப் போகிற பி லைன் சாக்கெட்டில் சும்மா 228, லோடு ஏறியதும் 190-க்கும் 205-க்கும் நடுவில் ஆட்டம். இந்தச் சப்ளை 200 முதல் 240 வரைக்கானது என்று அதன் ஒட்டுச்சீட்டிலேயே இருக்கிறது. மூடியைக் கழற்றினால் உள்ளே அண்ணன் சொன்ன அதே பச்சை, ஒரு பக்கம் கருகி பிளாஸ்டிக் வளைந்துவிட்டது. 1, 2-க்குப் போகிற ஏ லைன் யுபிஎஸ் அறையிலிருந்து வருகிறது, அது சுத்தமாக இருக்கிறது. பி லைன் சாக்கெட் ஜன்னலுக்குக் கீழே, கச்சான் காற்று நேராக வந்து அடிக்கிற இடம். யார் அங்கே வைத்தார்களோ, நானாகக்கூட இருக்கலாம்.

சாக்கெட், பிளக் டாப், ஆறு மீட்டர் வயர் எல்லாம் புதிது போட்டாகிவிட்டது, சாக்கெட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம். 4 பச்சையாகிவிட்டது. 5 இன்னும் மஞ்சள். 7-ஆவது ஃபேனும் மஞ்சள்தான், இரைச்சலும் குறையவில்லை. ஒரு விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, காலி ஸ்லாட்டுகளுக்கு வாங்கும்போதே மூடி வரவில்லை, நண்டு பேக் பண்ணுகிற தெர்மாகோல் பெட்டி மூடியை வெட்டிச் செருகி வைத்திருக்கிறேன்.

பாம்பன்_வெளிச்சம்:

தெர்மாகோலா! காக்கா, இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். சூட்டில் உதிர்ந்து உருண்டைகள் பிளேடு உள்ளே போகும், தீப்பிடித்தால் அது தனிக்கதை. காலி ஸ்லாட் திறந்திருந்தால் காற்று சுலபமான வழியில் ஓடிவிடும், பிளேடு வழியாகப் போக வேண்டிய காற்று போகாது, அதை ஈடுகட்ட ஃபேன் வேகத்தைக் கூட்டும், அதனால் மூடி அவசியம். பிளாங்க் என்கிற உண்மையான மூடி பழைய சாமான் கடையில் மலிவாகவே கிடைக்கும், பத்து வாங்கிவிடுங்கள்.

5-ஐக் கண்டுபிடிப்பது சுலபம். சப்ளை முன்பக்கமாக உருவுகிறது, ஆனால் கரண்ட் கயிறு பின்பக்கம் சேஸிஸில்தான் மாட்டியிருக்கிறது, ஆகவே சப்ளையை மாற்றினால் கயிறு கூடவே வராது. 2-ஐயும் 5-ஐயும் இடம் மாற்றுங்கள், அதற்கு முன்னால் இரண்டு மூன்று பிளேடை நிறுத்திவிடுங்கள். மஞ்சள் 2-க்கு வந்தால் சப்ளை செத்தது. 5-லேயே நின்றால் பின்னால் இருக்கிற சி19 கயிறோ, அது செருகுகிற வாயோ. இந்த மாற்றிப் போடும் சோதனை நம்பத் தகுந்தது, ஏனென்றால் சப்ளை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

எதைத் திரும்பச் செருகினாலும் முதலில் டார்ச் அடித்து உள்ளே பின்களைப் பாருங்கள், பிளேடு ஸ்லாட்டில் இது ரொம்ப முக்கியம். வளைந்த பின் இருக்கிற ஸ்லாட்டில் நல்ல பிளேடைத் திணித்தால் பிளேடின் கனெக்டர் நசுங்கும், நசுங்கிய பிளேடை அடுத்த ஸ்லாட்டில் போட்டால் அங்கேயும் பின் வளையும், அம்மை மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிக்கொண்டு போகும். டீலர் சொன்ன மிட்பிளேன் சாவு உண்மையில் நடப்பதென்றால் இப்படித்தான் நடக்கும். மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன் என்று நீங்கள் செய்ததில் நான் பயந்தது இதற்குத்தான்.

ஃபேன் 7-ஐ ஓடும்போதே எடுக்கலாம், மீதி ஒன்பது தாங்கும், ரொம்ப நேரம் வெளியே வைக்காதீர்கள். அதன் கனெக்டரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெடிக்கலில் கிடைக்கிற தண்ணீர் கலந்தது வேண்டாம், 99 சதவீதம் உள்ளது, பஞ்சு உதிராத துணி. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேலே இருக்கிற மெல்லிய தங்கப் பூச்சு போனால் அடியில் இருக்கிற செம்பு அடுத்த மழைக்கே பச்சையாகிவிடும். துரு நீக்குகிற எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம், பிசுக்கில் தூசியும் உப்பும் இன்னும் ஒட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு 8-ஆவது ஃபேனோடு இடம் மாற்றிப் போடுங்கள், மஞ்சள் எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஏசி விஷயம். சாப்பாட்டு உப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீர் இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், கடல் உப்பில் கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடு அதற்கும் ரொம்பக் கீழேயே ஈரம் பிடித்துவிடும். நம் ஊரில் ராத்திரி ஈரப்பதம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அடுக்களையில் உப்பு ஜாடியைப் பார்த்தால் போதும். பகல் பூராவும் குளிரவைத்த இரும்பு இருக்கிற அறையில் ஏசியை நிறுத்திக் கடல் காற்றை உள்ளே விட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல உள்ளே வியர்க்கும். மிஷின் ஓடுகிறவரை ஏசியும் ஓட வேண்டும். 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும், 16-இல் வைத்து உறைய வைக்க வேண்டியதில்லை. ஜன்னலை அடைத்துவிடுங்கள்.

ஐஸ்கம்பெனி_அண்ணன்:

ராத்திரி ஏசியை நிறுத்தினால் மாதம் எவ்வளவு மிச்சம் ஆகிறது என்று மேனேஜ்மென்ட் கணக்குப் போட்டிருக்கும். அந்தக் கருகின சாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. அடுத்த தடவை கணக்குப் பேசும்போது மேசைமேல் வையுங்கள். எர்த் பார்த்தீர்களா, சொல்லவே இல்லையே?

லேப்_காவலன்:

பார்த்தோம் அண்ணே, 9 வோல்ட். குழியைத் தோண்டினால் பைப் மேல்பக்கம் இரண்டு சாண் மட்டும்தான் பைப்பாக இருக்கிறது, கீழே மண்ணோடு மண். புதுக் குழி வெட்டச் சொல்லியாகிவிட்டது, சனிக்கிழமை வருகிறார்கள். சாக்கெட் பிரின்சிபால் மேசைக்கு ஏற்கெனவே போய்விட்டது, பேப்பர் வெயிட் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஏசி ராத்திரியும் ஓடலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்.

2-ஐயும் 5-ஐயும் மாற்றினேன், மஞ்சள் சப்ளையோடு 2-க்கு வந்துவிட்டது. ஆக அது ஒன்று நிஜமாகவே செத்துவிட்டது, அத்தனை தடவை அணைந்து எரிந்ததில் போயிருக்கும். ஃபேன் 7 கழற்றிப் பார்த்தால் கனெக்டரில் உப்பு பூத்திருந்தது, துடைத்துக் காயவைத்துப் போட்டதும் பச்சை. தெர்மாகோலை எடுத்துவிட்டு, பிளாங்க் வரும்வரை ஐந்தாறு பழைய செத்த பிளேடுகளை, உள்ளே போர்டைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டை மட்டும் செருகியிருக்கிறேன், அது சரியா? இரைச்சல் நன்றாகவே அடங்கிவிட்டது, லேபில் நின்று பேச முடிகிறது.

இப்போது மூன்று சப்ளை. மூன்றில் எப்படி ஓட்டுவது?

பாம்பன்_வெளிச்சம்:

வெறும் கூடு பரவாயில்லை, கனெக்டர் இல்லாமல் இருந்தால் சரி. ஆனால் உள்ளே காற்று புகுந்து ஓடுகிற மாதிரி திறந்திருந்தால் மூடியே போடாததுபோலத்தான், முன்முகத்தை அடைத்துவிடுங்கள்.

மூன்றை வைத்து ஏசி ரிடண்டன்ட் கணக்கு வராது. பவர் சப்ளை ரிடண்டன்ட் முறைக்கு மாற்றுங்கள், மூன்றில் ஒன்று காவலுக்கு, இரண்டின் 4800 செலவுக்கு, ஆறு பிளேடும் எழும். இதில் ஒரு சப்ளை செத்தால் தாங்கும், ஆனால் ஒரு லைனே முழுதாகப் போனால் தாங்கும் என்று நம்பாதீர்கள். உங்களிடம் ஒரு பக்கம் இரண்டு, இன்னொரு பக்கம் ஒன்று. இரண்டு இருக்கிற பக்கம் விழுந்தால் மொத்தப் பாரமும் அந்த ஒற்றை 2400-இன் தலையில். ஆகவே செத்ததற்கு மாற்று வரும்வரை பரீட்சைக்கு வேண்டாத பிளேடு எது என்று பார்த்து அணைத்து வையுங்கள். நல்ல சப்ளை மூன்றில் இரண்டை யுபிஎஸ் இருக்கிற ஏ பக்கம் வையுங்கள். மாற்று வந்ததும் 1, 2, 4, 5 என்று பழையபடி போட்டு முறையையும் திரும்ப மாற்ற மறந்துவிடாதீர்கள், இதை மறக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாங்கும்போது மாடல் எண்ணைப் படம் எடுத்துக் கேளுங்கள். 2250 வாட்டும் இந்தச் சேஸிஸுக்கு வந்திருக்கிறது, பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கலந்து போடக் கூடாது.

லேப்_காவலன்:

சேஸிஸ் விற்கப் பார்த்த அதே டீலரிடமே ஒற்றைச் சப்ளை கேட்டேன், அப்போதும் சேஸிஸாக எடுத்தால் ஆறும் சேர்ந்து வரும் சார் என்றார். வேறு இடத்தில் சொல்லி, 2400 ஒட்டுச்சீட்டு படம் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் போட்டேன். பஸ் பார்சலில் ராமநாதபுரம் வந்துவிட்டது என்று இப்போதுதான் போன் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் எடுக்கிறேன், டார்ச்சை இப்போதே பையில் போட்டுவிட்டேன், அங்கேயே பிரித்துப் பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.